அலாஸ்கா கொடியில் தனியாக ஒரு நட்சத்திரம் ஏன்?

கேள்வி: பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மகள் அலாஸ்கா மாநிலக் கொடியை வரைந்தாள், நீலத்தில் எட்டு தங்க நட்சத்திரங்கள். ஏழு நம்ம சப்தரிஷி மண்டலம், சரி. மூலையில் பெரிதாக இன்னொன்று எதற்கு?

பதில்: துருவ நட்சத்திரம், அமெரிக்காவின் வடகோடி என்பதற்காக. வரைந்தவர் பென்னி பென்சன், அப்போது 13 வயது, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பையன். 1927இல் அதையே கொடியாக ஏற்றார்கள். நீலம் வானத்துக்கும் அங்கே பூக்கும் சின்ன நீலப்பூவுக்கும், சப்தரிஷி பெருங்கரடி மண்டலத்தின் பகுதி என்பதால் கரடியின் வலிமைக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த கொடி.

இன்னொரு பதில்: அலாஸ்காவின் பட்டப்பெயர் ‘கடைசி எல்லை’, மனிதர் குடியேறாத நிலம் அவ்வளவு கிடக்கிறது. சித்திரையில் ராத்திரி வடக்கே பாருங்கள், சப்தரிஷியின் முன்விளிம்பு நட்சத்திரங்கள் இரண்டும் துருவத்தைக் காட்டும். அலாஸ்காவில் அது வானில் நல்ல உயரத்தில், நமக்கு அடிவானத்திலிருந்து 10 டிகிரிதான்.

கேட்டவர்: பார்த்துவிட்டோம்! யூகலிப்டஸ் நுனிக்கு மேல் மங்கலாக நின்றது.