அப்போப்டோசிஸ்: உதிர்வா, வீவா, மடிவா?

அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோயின் மூலக்கூற்று உயிரியல் பற்றிய பாடநூல் அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கூடவே நோயாளிகளுக்கான ஒரு கையேடும் உண்டு. திங்கட்கிழமைக்குள் இரண்டையும் கொடுத்தாக வேண்டும். மற்ற சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன, அப்போப்டோசிஸ் மட்டும் இடறுகிறது. பழுதான செல் தன்னிடமுள்ள நொதிகளாலேயே தன்னைக் கலைத்துக்கொண்டு ஒழுங்காக இறப்பதற்கு அந்தப் பெயர். இது நடக்காமல் போனால் சாக வேண்டிய செல் தங்கிப் பெருகுகிறது. இப்போதைக்கு 'செல் தற்கொலை' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

* * *

> செல் தற்கொலை

வேண்டாம் அம்மா. வீட்டில் ஒருவர் நோயோடு படுத்திருக்கும்போது அந்தச் சொல்லை யாரும் படிக்கக் கூடாது. அறிவியலும் இடம் தரவில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல் வெளியிலிருந்து ஆணையிட்டும் இது நடக்கும்.

நோயியலாளர் ஜான் கெர் எலியின் கல்லீரலில் இதைப் பார்த்தபோது முதலில் 'சுருங்கும் நசிவு' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். ஆனால் நசிவில் செல் வீங்கி உடையும், உள்ளிருப்பது வெளியே கொட்டி அழற்சி உண்டாகும். இதிலோ செல் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரியும், அவற்றை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். அழற்சி கிடையாது. 1972-இல் வைலி, கரி இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில்தான் புதுப் பெயர் வந்தது. அதைத் தந்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் விழுவதைக் குறிக்கும் சொல் அது. ஆகவே 'செல் உதிர்வு' என்பேன்.

* * *

ஐயா, இலை உதிர்வது வரை வந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்களே! அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. வீ என்றால் உதிரும் பூ. வீதல் என்றால் இறத்தல். கார்மாக் தேடிய இரண்டு பொருளும் நம்மிடம் ஓரெழுத்தில் இருக்கின்றன. 'உயிரணு வீவு' என்று வையுங்கள். செல் என்ற கடன்சொல்லும் ஒழியும். வீ, விழு, வீழ், வீடு எல்லாம் ஒரே வேர்தான்.

* * *

> வீ, விழு, வீழ், வீடு எல்லாம் ஒரே வேர்தான்

வீடு 'விடு'விலிருந்து வந்தது. முதனிலை திரிந்த தொழிற்பெயர், சுடு சூடானது போல. அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது.

வீ அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியவன். கலைச்சொல் பெயராக மட்டும் நின்றால் போதாது, வினையாகவும் ஓட வேண்டும். 'செல்கள் வீகின்றன' என்று எழுதினால் மாணவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

இன்னொன்று. 'அப்போப்டோசிஸ்' என்று எழுதுகிறோமே, ப் அடுத்து ட வருவது நம் மெய்ம்மயக்கத்தில், அதாவது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வரும் முறையில், இல்லை. 1972 கட்டுரையிலேயே இரண்டாவது பகரத்தை ஒலிக்க வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்திருக்கிறார்கள். அப்படியானால் 'அப்போட்டோசிஸ்' தமிழுக்கும் பொருந்தும், அவர்கள் சொன்னதற்கும் பொருந்தும்.

* * *

எழுத்துப்பெயர்ப்பைத் தனி இழையில் பேசலாமே. 'உதிர்வு' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீமோதெரபி தொடங்குமுன் நோயாளிகள் கேட்கும் கேள்விகளில் 'முடி உதிருமா?' என்பது முன்னால் நிற்கும். 'உதிர்வைத் தூண்டும் மருந்து' என்று கையேட்டில் பார்த்தால் அவர்கள் நினைப்பு எங்கே போகும்?

'செல் மடிவு' எப்படி? மடிதல் இறப்பதையும் குறிக்கும், வளைந்து ஒடுங்குவதையும் குறிக்கும். நுண்ணோக்கியில் தெரிவதும் ஏறக்குறைய அதுதான். 'போரில் மடிந்தார்' என்பது யாருக்கும் புரியும்.

* * *

மடிவை ஏற்க முடியவில்லை. புரதச் சங்கிலியும் மடிந்துதானே தன் வடிவத்தைப் பெறுகிறது? பழுதான செல்லைச் சாகத் தூண்டும் புரதத்தைத் தருவது பி53 மரபணு; மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் அது பழுதாகியிருக்கிறது. அந்தப் பழுதுகளில் சில, புரதத்தின் வடிவத்தையே குலைப்பவை. அப்போது 'பி53 சரியாக மடியாததால் செல் மடியவில்லை' என்று எழுதுவீர்களா? வீவில் இந்தக் குழப்பம் வராது.

* * *

நியாயமான தடை, ஐயா. இரவு முழுக்க யோசித்தேன். புரதத்துக்கு 'மடிப்பு' என்ற பெயரையே வைத்துக்கொண்டு, வினை வரும் இடங்களில் 'வடிவம் கொள்ளுதல்' என்று மாற்றிவிட்டேன். 'மடிவு' செல்லுக்கு மட்டும். நால்வர் அதற்கு இசைந்திருக்கிறீர்கள், எனக்கும் நேரம் இல்லை.

கையேட்டில் கலைச்சொல்லே வராது. 'பி.சி.எல்-2 என்ற புரதம் புற்றுச் செல்லைச் சாகவிடாமல் காக்கிறது. இந்த மருந்து அந்தக் காவலை நீக்குகிறது' என்று எழுதிவிட்டேன். 'உயிரணு' கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பாடத்திலேயே செல் ஊறிவிட்டது.

* * *

பொறுத்துக்கொள்கிறேன் அம்மா, உடன்படவில்லை. என் கட்டுரைகளில் உயிரணு வீவு என்றே எழுதுவேன். அச்சுக்குப் போகுமுன் ஒன்று பாருங்கள்: மூன்றாம் பக்கத்தில் 'செல்மடிவு' என்று சேர்த்தும், ஐந்தாம் பக்கத்தில் பிரித்தும் இருக்கிறது.