உறைநிரலா, ஏவுநிரலகமா?

அன்புடையீர்,

கட்டளைவரிப் பயன்பாடுகளை, அதாவது கட்டளையைத் தட்டச்சிட்டு இயக்கும் நிரல்களை, பைத்தான் போன்ற நிரல்மொழிகளிலிருந்து இயக்க உதவும் நிரலகத்துக்கு (லைப்ரரி) நம் கலைச்சொல் பட்டியலுக்காக "உறைநிரல்" என்னும் பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. எழுத்தில் அதற்குக் குறையில்லை. ஆனால் ரகர றகர வேறுபாடு பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்ட நிலையில், ஸ்கிரிப்டை "உரைநிரல்" என்றும் ராப்பரை "உறைநிரல்" என்றும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் எதை எதுவென்று கொள்வார்? பெங்களூரில் என்னுடன் பணியாற்றும் இளைஞர் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். எழுத்தைப் பார்த்துத் தெளியும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை.

ஒலியை விட்டுவிட்டாலும், உறை என்பது மூடிவைப்பதைத்தான் சொல்கிறது. இந்நிரலகமோ மற்றொரு நிரலைத் தொடங்கி, அதற்கு உள்ளீடு தந்து, வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் தனித்தனியே வாங்கி, முடிவில் அது திருப்பும் எண் 0 தானா, அதாவது பிழையின்றி முடிந்ததா, என்றும் பார்க்கிறது. இது ஏவி வேலை வாங்குவது. ஆகவே "ஏவுநிரலகம்" என்பதை முன்வைக்கிறேன். 2004இல் பைத்தான் 2.4உடன் வந்த சப்பிராசஸ் என்னும் நிரலகம் இவ்வகையே. (ஏவுகணை நினைவுக்கு வருகிறதே என்போருக்கு: ஏவல் வினை அதைவிடப் பழையது.)

1990இல் டான் லைப்ஸ் டிசிஎல் என்னும் நிரல்மொழியின் மேல் அமைத்த எக்ஸ்பெக்ட் என்னும் கருவியை இப்பெயரில் அடக்க இயலாது. அது ஏவிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. "பாஸ்வேர்ட்:" என்ற கேள்வி வரும்வரை எதிர்நோக்கியிருந்து, வந்ததும் விடை எழுதுகிறது. இதற்கு வெறும் குழாய் (இரு நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் இணைப்பு, பைப்) போதாது. தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், கடவுச்சொல்லைக் குழாய்வழி வரும் உள்ளீட்டிலிருந்து படிக்காமல், பயனர் தட்டச்சிடும் முனையத்தையே (டெர்மினல்) நேரடியாகத் திறந்து படிக்கும். முனையத்துக்கு வரிவரியாக எழுதும் சி நிரல்கள் பலவும், எதிரே குழாய் இருப்பின் இடையகம் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) நிரம்பும்வரை வெளியீட்டைத் தேக்கிவைத்துக்கொள்ளும். எனவே முனையத்தில்தான் ஓடுகிறோம் என்று அந்நிரலை நம்பவைக்கும் அமைப்பு ஒன்று தேவைப்படுகிறது.

ஆங்கிலத்தில் சூடோ டெர்மினல் எனப்படும் அதனைப் "போலி முனையம்" என்றால் ஏமாற்று என்று பொருள்படும் என ஒருவர் தடை எழுப்பியிருந்தார். இலக்கணத்தில் அறம் அறன் ஆவதும் போலிதான். அங்கே எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை. முனையத்தின் இடத்தில் வேறொன்று நின்றும் நிரலின் நடத்தை மாறாதிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

எக்ஸ்பெக்ட் வகைக்கு "எதிர்நோக்கு நிரலகம்" என்று எழுதிவருகிறேன், சற்று நீளம்தான். "உரையாடல் நிரலகம்" அரட்டை மென்பொருளோடு குழம்பும். இன்னும் குறுகிய சொல் எவரிடமேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். போலி முனையத்தை இப்போதே பட்டியலில் சேர்த்துவிடலாம்.