தங்கச்சிக்கு 28 வாரம், ராத்திரியில் பயம் – தமிழில் பேசிப் பார்க்கும் மனநல டாக்டர் வேண்டும்

இடம் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டம். தங்கச்சிக்கு வயது 26, இப்போது 28 வாரக் கர்ப்பம். ஐந்தாம் மாதத்திலிருந்தே இரவில் நெஞ்சு படபடக்க எழும்பி உட்காருகிறாள். கை நடுங்கும், மூச்சு முட்டும், பிள்ளை அசையவில்லை என்று அழுவாள். பகலில் சாப்பாடு இறங்காது.

போன முறை கரு கலைந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். மழை பலத்தால் மண்சரிவு பயம் வேறு. ராத்திரி வலி வந்தால் அந்தப் பாதையில் ஆட்டோ வருமா என்பதுதான் அவளுடைய பெரிய கேள்வி. எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

கிளினிக்கில் பிரஷர், சுகர், ரத்தம், தைரொயிட் எல்லாம் பார்த்தாச்சு, சரி. ஸ்கேனிலும் பிள்ளை நல்லம். பிளேன்டீயைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள் (தேயிலைக்குள் பிறந்தவளுக்கு அது லேசில்லை). கோயிலில் நூலும் கட்டியாச்சு. மிட்வைஃப் மிஸ் அன்பாகப் பேசுவார், ஆனால் அவருக்கும் எத்தனை வீடு! 1926க்கு (அரச மனநல உதவித் தொலைபேசி) எடுத்துப் பேசினாள். அன்றைக்குத் தூங்கினாள், நேரில் காட்டச் சொன்னார்கள். காட்டிய டாக்டருக்குச் சிங்களம்தான். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். அக்கா முன்னால் எல்லாவற்றையும் சொல்வாளா? “புள்ள பொறந்தா சரியாயிடும்” என்கிறார்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்). இன்னும் மூன்று மாதம் இப்படியே விட எனக்கு மனமில்லை.

ஹட்டன், நுவரெலியா, கண்டி அரச ஆஸ்பத்திரிகளில், கர்ப்பிணிகளைத் தமிழிலேயே பேசிப் பார்க்கும் மனநல டாக்டர் எங்கே, எந்தக் கிழமையில் இருக்கிறார்?