சிடி நார்மல், ஆனால் அப்பாவால் உட்கார முடியவில்லை

கேள்வி:
அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நேற்று விடிகாலை எழுந்ததுமே தலைசுற்றல், ஓயாத வாந்தி. கை கால் அசைகின்றன, பேச்சும் தெளிவு. ஆனால் உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறார். காதுக் கோளாறு என்று ஊசி போட்டார்கள், சிடியும் நார்மல். இன்று எம்ஆர்ஐ எடுத்ததில் இடது சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைப்பாம். சிடியில் ஏன் தெரியவில்லை? நன்றாகப் பேசுகிறவருக்கு எதற்கு ஐசியூ என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்.

பதில் 1:
அவசரப் பிரிவு டாக்டர் நான். சிறுமூளை இருக்கும் பின்மண்டையில் எலும்பு தடிமனானது, அதனால் அந்த இடத்தில் சிடி படம் கலங்கித் தெரியும். ரத்தக்கசிவு என்றால் காட்டிவிடும்; முதல் நாள் அடைப்பைப் பெரும்பாலும் காட்டாது. எம்ஆர்ஐகூட முதல் இரண்டு நாளில் சில சமயம் தவறவிடும். அதனால் தலைசுற்றல் என்று வருகிறவரை நான் கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வேன். காது நரம்புக் கோளாறு உள்ளவர் தள்ளாடினாலும் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். உங்கள் அப்பாவைப் போலச் சாய்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை மேல்தான். கண்ணையும் பார்ப்பேன். வலப்பக்கம் பார்க்கும்போது வலப்பக்கமும், இடப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கமும் விழி தானாக வெட்டி வெட்டி அசைந்தால் அது காதுக் கோளாறு அல்ல.

ஐசியூ கட்டாயம் வேண்டும், தயவுசெய்து வீட்டாரிடம் சொல்லுங்கள். அடைபட்ட பகுதி வீங்கும், மூன்றாம் நாள் வாக்கில் அதிகமாகும். பின்மண்டையில் விரிய இடமில்லை. வீக்கம் நான்காம் வென்ட்ரிக்கிளை, அதாவது மூளைநீர் வடியும் வழியில் உள்ள சிறு அறையை, அழுத்தினால் மூளைநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். முன்னால் இருக்கும் மூளைத்தண்டும் நசுங்கும். விழிப்பும் மூச்சும் அதன் பொறுப்பு. அப்படி ஆனால் நீரை வடிக்க வேண்டும், பின்மண்டை எலும்பைத் திறந்து இடம் கொடுக்க வேண்டும். நேரத்தோடு செய்தால் நன்றாகத் தேறி நடமாடுகிறவர்கள் பலர்.

பதில் 2:
என் மாமியாருக்கு மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் அடைப்பு வந்தது. குரல் கம்மி, விடாத விக்கல். விழுங்கும் சக்தியைச் சோதிக்கும் முன்பு தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி டாக்டர். மதியத்திலிருந்து அப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார். களைப்பா?

பதில் 1:
களைப்பு என்று விடாதீர்கள். கூப்பிட்டதும் கண் திறந்து, இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னாலும் நர்ஸிடம் சொல்லிவையுங்கள். உலுக்கினால்தான் விழிக்கிறார் என்றால் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி சிடி எடுக்கக் கேளுங்கள். வீக்கமும் நீர்த்தேக்கமும் சிடியிலேயே தெரிந்துவிடும்.