வெப்சைட்டுல ‘மொழி’க்கு ஐரோப்பியச் சொல்: நாக்கா, பேச்சா?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனி வெப்சைட்டுக்கு ‘மொழி’ன்னு ஒரு பட்டன் வைக்கோணும். பையர்க பத்து ஐரோப்பிய நாட்டுல இருக்காங்க. மெஷின்ல போட்டு வாங்குன ஷீட்டுல ஸ்பானிஷுக்கு ‘லெங்குவா’ன்னு வந்திருக்குது. அகராதில பார்த்தா நாக்குங்குது. ஹங்கேரிக்காரங்க ‘ஞெல்வ்’, பின்லாந்து ‘கியெலி’, ரெண்டுமே நாக்குதான். ஜெர்மன் ‘ஷ்ப்ராகெ’ மட்டும் பேச்சுன்னு வருது. மெஷின் குழப்பிப்போட்டுதுங்களா? ‘இந்தப் பக்கம் ___ மொழியில் கிடைக்கும்’னு ஒரு வரியும் இருக்குது, அதையும் பார்த்துச் சொல்லுங்க.

கூடுதுறை:
மெஷின் மேல தப்பில்லைங்க. ஐரோப்பாவுல பாதிக்கு மேல நாக்கும் மொழியும் ஒரே சொல்தான். லத்தீன் ‘லிங்குவா’ நாக்கு. அதுல இருந்துதான் இத்தாலி ‘லிங்குவா’, பிரெஞ்சு ‘லாங்க்’, ருமேனிய ‘லிம்பெ’. கிரேக்க ‘க்ளோசா’, ரஷ்ய ‘யஸீக்’, போலிஷ் ‘யென்ஸிக்’ எல்லாம் அதே கதை. பின்னிஷும் ஹங்கேரியனும் வேற குடும்பம், இருந்தும் அங்கயும் நாக்குதான். பின்னிஷ் ‘கியெலி’க்கு வாத்தியத் தந்தின்னும் ஒரு பொருள் இருக்குது.

ஜெர்மன் ‘ஷ்ப்ராகெ’, ஸ்வீடிஷ் ‘ஸ்ப்ரோக்’ பேசுறதுங்கற வினையில இருந்து வந்தது. டச்சு ‘டால்’ சொல்றதுங்கற வேர்; இங்கிலீஷ் ‘டேல்’ (கதை) அதுக்குப் பங்காளி. நம்ம ‘மொழி’யும் ‘மொழிதல்’ங்கற வினைதான், அதனால ஜெர்மன் நமக்குச் சட்டுனு பிடிபடுது, லெங்குவா உறுத்துது. நாக்கையும் மொழியையும் ‘ஜபான்’னே சொல்ற இந்திக்காரங்களுக்கு உறுத்தாது.

மாத்த வேண்டியது ஸ்பானிஷ் மட்டும். லெங்குவா தப்பில்லை, 1978 அரசியல் சட்டமே அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்குது. ஆனா மெனுவுல ‘இடியோமா’தான் வழக்கம், போர்ச்சுகீசுலயும் அதேதான். ‘ஆ’ன்னு முடிஞ்சாலும் அது ஆண்பால்: ‘இடியோமா எஸ்பான்யோல்’. பெண்பாலா நினைச்சு ‘எஸ்பான்யோலா’ன்னு போட்டா மாட்டிக்குவீங்க. பிரெஞ்சுல ‘லாங்காஜ்’னு வந்திருந்தா எடுத்துடுங்க. பேசுற திறன், கம்ப்யூட்டர் புரோகிராம் மொழி இதுக்கெல்லாம்தான் அது.

ஆழியாறு:
பட்டனை விட அந்தக் கோடிட்ட வரிதான் வம்பு. தமிழ்லயே போட்டுப் பாருங்க. ‘___இல் கிடைக்கும்’னு வெச்சா ‘தமிழ்இல்’, ‘ஆங்கிலம்இல்’னு வந்து நிக்கும். ‘தமிழில்’, ‘ஆங்கிலத்தில்’னு ரெண்டும் ரெண்டு மாதிரி மாறோணும். பின்னிஷ்லயும் அப்படியே. ‘சுவோமி’ங்கறது பின்னிஷ் மொழி, பின்னிஷ்லன்னு சொல்ல ‘சுவோமெக்ஸி’. நடுவுல இகரம் எகரமா மாறுது. ஆனா ஸ்வீடிஷுக்கு ‘ருவோட்ஸி’, ‘ருவோட்ஸிக்ஸி’, அங்க மாறாது. புரோகிராம் சும்மா ‘க்ஸி’யை ஒட்டுனா பாதி சரியா வரும், பாதி கேலிக்கூத்தா இருக்கும்.

ஹங்கேரியன்ல அவங்க மொழிப்பேரான ‘மாஜார்’ங்கறது ‘மாஜாருல்’ ஆகுது. ஆனா ஜெர்மன் மொழியிலன்னா ‘நேமெத்யுல்’. முன்னால இருக்கற உயிரெழுத்தைப் பார்த்து விகுதி மாறும். போலிஷ்ல மொழிப்பேர் ‘போல்ஸ்கி’, போலிஷ்லன்னா ‘போ போல்ஸ்கு’. பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், ஜெர்மன் நாலுலயும் முன்னால ஒரு சின்னச் சொல் வெச்சாப் போதும், பேர் மாறாது. அதுகள்ல மட்டும் சோதிச்சுட்டு சரின்னு விட்டுடறாங்க, வம்பே அங்கதான்.

எளுசான வழி, வரியை உடைச்சு ‘கிடைக்கும் மொழிகள்:’னு போட்டு, பேரை அந்தந்த மொழியிலயே தனியா வரிசை கட்டறது. வரி வேணும்தான்னா ஷீட்டுல ஒவ்வொரு மொழிக்கும் ரெண்டு கட்டம் வையுங்க: பேர் ஒன்னு, வாக்கியத்துல வர்ற வடிவம் ஒன்னு. பக்கத்துல ‘மெனு தலைப்பு, உடல் உறுப்பு அல்ல’ன்னு குறிப்பு எழுதிடுங்க. ஒத்தைச் சொல்லை மொட்டையா அனுப்புனா மொழிபெயர்க்கறவங்க என்னதான் பண்ணுவாங்க?

வரிக்கு நடுவுல வரும்போது பிரெஞ்சு, ஸ்பானிஷ், போலிஷ், பின்னிஷ்ல மொழிப்பேர் சின்ன எழுத்துல ஆரம்பிக்கும். ஜெர்மன், டச்சுல பெரிய எழுத்து.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. வேலைக்கு ஆள் எடுக்கற ஃபார்ம்ல ‘தாய்மொழி’ன்னு ஒரு கட்டம் இருக்குது. ஷீட்டுல இருக்கற சொல்லோட ‘தாய்’ சேர்த்தாப் போதுங்களா?

கூடுதுறை:
போதாதுங்க. ஜெர்மன், டச்சு, பின்னிஷ், ஹங்கேரியன்ல தாயோட அதே சொல் ஒட்டும். ஸ்வீடிஷ்ல ‘ஸ்ப்ரோக்’ வராது, ‘மூடெர்ஸ்மோல்’தான், ‘மோல்’ங்கறது பேச்சுக்குப் பழைய சொல். போலிஷ்ல தாயே இல்லை, ‘யென்ஸிக் ஒய்ச்சிஸ்தி’. அதுல இருக்கறது அப்பன் வேர். ரஷ்யன்ல ‘ரத்னோய் யஸீக்’, சொந்த மொழி. ஸ்பானிஷ்ல ‘இடியோமா’வை விட்டுட்டு மறுபடி ‘லெங்குவா மாத்தெர்னா’தான்.

ஆழியாறு:
அந்த ஃபார்ம்ல வட்டார வழக்குக் கட்டமும் இருந்தா இத்தாலியன்ல ‘தியாலெத்தோ’ன்னு போடலாம். ஆனா அது கொங்குத் தமிழ் மாதிரின்னு நினைச்சுக்க வேண்டாம். நேப்பிள்ஸ், வெனிஸ் ஊர்ப் பேச்செல்லாம் இத்தாலியனோட கிளை இல்லை, லத்தீன்ல இருந்து தனித்தனியா வந்த உடன்பிறப்புக. நம்ம ‘ஏனுங்க’வுக்கு ஜெர்மன் ‘முன்டார்ட்’தான் கிட்டத்துல வரும். அதுல ‘முன்ட்’ன்னா வாய்.