இரண்டாவது சீசனிலும் தடுமாறும் குவாட்டர்பேக்: தேறுவானா, மாட்டானா?

கேள்வி:
அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் அணி டிராஃப்டில், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு இது இரண்டாவது சீசன். குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவன். கையில் அப்படி ஒரு பலம், ஓடிக்கொண்டே எறிந்தாலும் பந்து எங்கேயோ போய் விழுகிறது. ஆனால் ஒரு வாரம் அசத்தினால், அடுத்த வாரம் பந்தை எதிரணிக்குத் தாரைவார்க்கிறான். இவன் பெரிய ஆளாக வருவானா என்று எதை வைத்துச் சொல்வது? புள்ளிவிவரம் வேண்டாம், அதெல்லாம் பார்த்தாகிவிட்டது.

பதில் 1:
வேண்டாம் என்றதே நல்லது. பின்னாளில் ஜாம்பவானான குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் 1998-இல், முதல் சீசனில், 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடுகிற பந்து) எறிந்தார். அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. அந்தக் கணக்கை வைத்து அவரை யாராவது எடைபோட்டிருந்தால்?

நான் பார்ப்பது பந்து கையைவிட்டுப் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிகளை. டிவியில் அது பாதிதான் தெரியும், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் திரைக்கு வெளியே ஓடிவிடுவார்கள். 22 பேரும் தெரிகிற ஆல்-22 காட்சியைப் போட்டுப் பாருங்கள். தேர்ட் டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, இன்னும் 8 யார்டு முன்னேற வேண்டும் என்று வையுங்கள். ஸ்னாப்புக்கு (பந்து குவாட்டர்பேக் கைக்கு வருவதற்கு) முன், எதிரணியின் கடைசிக் காவலர்களான சேஃப்டிகள் இரண்டு பேரும் பின்னால் நிற்பார்கள். ஸ்னாப் ஆனதும் ஒருவர் சட்டென்று நடுவில் இறங்குவார். அப்போது பையனின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது? முதல் ரிசீவருக்கு வழியில்லை என்றதும் பார்வை அடுத்தவரிடம் போய், கூடவே காலும் அந்தத் திசைக்கு மாறினால் நம்பலாம். பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டு, கால் மட்டும் சக வீரர்கள் அரண் கட்டிக் காக்கும் பாக்கெட்டைவிட்டு ஓடத் துடித்தால் எனக்குப் பயம்தான்.

அப்புறம், இன்டர்செப்ஷன்களை ரகம் பிரியுங்கள். ரிசீவர் கையில் பட்டுத் தெறித்ததை மறந்துவிடலாம். அக்டோபரில் ஏமாற்றிய அதே தடுப்பாட்டம் டிசம்பரிலும் ஏமாற்றுகிறதா, அதுதான் கேள்வி.

பதில் 2:
துல்லியம் பிறவியிலேயே வர வேண்டும், கற்றுத்தர முடியாது என்பார்களே?

பதில் 1:
பஃபலோ பில்ஸ் அணியின் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் வந்து அந்தப் பேச்சைக் கெடுத்துவிட்டார். 2018-இல் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது, 2020-இல் 69.2. எறியும் முறையைச் சீர்செய்ய உழைத்தார், அந்த வருடம் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸும் அணிக்கு வந்தார். ஆனால் தடுமாறுகிற ஒவ்வொரு பையனுக்கும் ஆலனைக் காட்டி வக்காலத்து வாங்குகிறார்கள் பாருங்கள், அது தாங்கவில்லை. அவர் விதிவிலக்கு.

பதில் 3:
பையனை மட்டும் பார்த்தால் போதுமா? 2002-இல் குவாட்டர்பேக் டேவிட் கார் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறிவதற்குள் வீழ்த்தப்பட்டார். அடி வாங்கியே பழகியவன் பார்வையை எங்கே உயர்த்துவான்? சாம் டார்னல்டைப் பாருங்கள். 2018 டிராஃப்டில் மூன்றாவது ஆள், ஜெட்ஸ் அணியில் எடுபடவில்லை. நான்காவது அணியான வைக்கிங்ஸில் 2024-இல் 35 டச்டவுன் பாஸ் (புள்ளியாக முடிந்த எறிதல்), 14 வெற்றி.

கேட்டவர்:
மூன்று ஆட்டங்களை ஆல்-22-இல் பார்த்தேன். பார்வை அடுத்தவரிடம் போகிறது. கால்தான் பின்தங்குகிறது, அதனால் பந்து ரிசீவருக்குப் பின்னால் போய் விழுகிறது.

பதில் 1:
அப்படியென்றால் இன்னும் ஒரு சீசன் பொறுக்கலாம். காலைத் திருத்த முடியும். உங்கள் நிர்வாகம் அதற்குள் மறுபடியும் பயிற்சியாளரை மாற்றாமல் இருந்தால் சரி.