நாக்-அவுட்டா, ஃபேக்டரா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறேன். சீமென்ஸ் பங்கில் நாலைந்து நாள் டிரேடிங்தான், 5 மடங்கு லீவரேஜ் (பங்கு 1% அசைந்தால் நம் பணம் 5% அசைவது) போதும். பங்கின் விலையை ஒட்டி நகரும்படி வங்கிகள் வெளியிடும் பத்திரங்களில், நாக்-அவுட் சர்டிஃபிகேட் நல்லதா, ஃபேக்டர் சர்டிஃபிகேட்டா?

பதில் 1: என் ஓட்டு நாக்-அவுட்டுக்குத்தான். ஃபேக்டரில் மடங்கு தினமும் புதிதாகக் கணக்காகும், அதனால் பங்கு 100-லிருந்து 90-க்கு இறங்கி மறுநாளே 100-க்குத் திரும்பினாலும், 100-ல் வாங்கிய 5 மடங்கு ஃபேக்டர் 50-க்குப் போய் அப்புறம் 78 பக்கம்தான் வரும். விலை ஒரே திசையில் ஓடினால் மட்டும் ஃபேக்டர் நன்றாகக் கொடுக்கும்.

பதில் 2: சரி, ஆனால் பங்கு 100, தடை விலை 80 என்று வைத்தால், ஒரு நொடி 80-ஐத் தொட்டாலே நாக்-அவுட்டில் போட்ட பணம் போச்சு, பிறகு ஏறியும் பயனில்லை. காலாண்டு முடிவு வரும் நாளைத் தாண்டி வைக்காதீர்கள், அன்று விலை சட்டென்று விழலாம். மினி ஃபியூச்சர் என்ற நாக்-அவுட் வகையில், தடையைத் தொட்டாலும் கொஞ்சம் மிச்சம் கிடைக்கலாம்.

பதில் 3: வெளியிடும் வங்கியையும் பாருங்கள், அது கவிழ்ந்தால் சர்டிஃபிகேட்டில் போட்ட பணமும் போகலாம். 2008-ல் லேமன் என்ற அமெரிக்க வங்கி கவிழ்ந்தபோது அதன் சர்டிஃபிகேட் வைத்திருந்த ஜெர்மானியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.